அமெரிக்காவின் திருப்பங்களும் கோலார் தங்கவயலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றை நம்மில் பெரும்பாலோர் தேர்வுக்காகவே படிக்கிறோம். 1848, 1865, 1929, 1933, 1944, 1971 என்று ஆண்டுகளை வரிசையாக மனத்தில் ஏற்றிக்கொள்கிறோம். தேர்வு முடிந்த மறுநாளே அவை மறந்து போகின்றன. எங்கோ ஒரு கண்டத்தில் யாருக்கோ நேர்ந்தவை அவை என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் சரியன்று. மேலே சொன்ன ஆண்டுகள் கோலார் தங்கவயலில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் வீட்டு அடுப்பங்கரை வரை வந்து சேர்ந்திருக்கின்றன. எப்படி வந்தன என்பதைத் தோழர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் அவ்வூரிற் பிறந்தவன். என் முன்னோர் வடஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள். நான் பயில்வது பௌதிகம், வரலாறன்று. ஆயினும் பொன்னின் விலையும் பாறையின் ஆழமும் எண்ணிக் கணக்கிடத் தக்கவை. அந்த அளவில் விஞ்ஞான மாணவனும் வரலாற்றுக்குள் புகலாம் அல்லவா?

முதலில் 'திருப்பம்' என்பது யாது எனத் தெளிவாக்கிக் கொள்வோம். பங்காருப்பேட்டை நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் மாரிக்குப்பத்துக்குச் செல்லும் கிளைப்பாதை பிரிகிறது. தண்டவாளத்தின் முனை சில அங்குலம் நகர்கிறது, அவ்வளவுதான். வண்டி சென்னைக்குப் போவதா, தங்கவயலுக்குப் போவதா என்பது அந்தச் சில அங்குலத்தில் முடிவாகிவிடுகிறது. வண்டிக்குள் உறங்குகிறவருக்கு அந்த அசைவு தெரிவதே இல்லை. வரலாற்றுத் திருப்பமும் இத்தகையதே. ஆகவே ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு கேள்விகளை நாம் கேட்க வேண்டும். தண்டவாளத்தை நகர்த்தியவர் யார்? வண்டியில் இருந்தவர் யார்?

1. கலிபோர்னியாவின் பொன்

1848 சனவரி 24ஆம் நாள் கலிபோர்னியாவில், சட்டர் என்பவரின் மரம் அறுக்கும் ஆலைக்கு வெட்டிய கால்வாயில், ஜேம்ஸ் மார்ஷல் என்ற தொழிலாளி மஞ்சள் நிறத் துணுக்குகள் சிலவற்றைக் கண்டார். அடுத்த ஆண்டே உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அங்கே திரளத் தொடங்கினர். சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வந்து குவிந்தனர். கலிபோர்னியா 1850இல் ஒரு மாநிலமாயிற்று. அமெரிக்கா அட்லாண்டிக் கரையின் நாடு என்ற நிலை மாறி, இரு கடல்களுக்கும் இடைப்பட்ட பேரரசாக வளர்வதற்கு இந்தப் பொன் ஒரு பெருங்காரணம்.

இதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். 1848இல் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 1,50,000 பழங்குடி மக்கள் இருந்தனர். 1870ஆம் ஆண்டில் எஞ்சியவர் 30,000 அளவினரே. நோயும் பசியும் துப்பாக்கியும் மற்றவரை மாய்த்தன. மண்ணுக்குரியவர் அழிந்தனர், மண்ணைத் தோண்ட வந்தவர் நிலைத்தனர்.

கலிபோர்னியாவில் பொன் தேடிப் பழகியவர்கள் அந்த அறிவை வேறு நாடுகளுக்கும் எடுத்துச் சென்றனர். அங்கிருந்து திரும்பிய ஹார்கிரேவ்ஸ் 1851இல் ஆஸ்திரேலியாவில் பொன் வேட்டையைத் தொடங்கிவைத்தார். 1861இல் நியூசிலாந்திலும் அதே வேட்டை தொடங்கியது. அந்த நியூசிலாந்தில் போர்வீரராகப் பணியாற்றிய அயர்லாந்துக்காரர் மைக்கேல் லாவெல், ஓய்வு பெற்றுப் பெங்களூரில் குடியேறினார். பெங்களூரின் லாவெல் சாலை இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. கோலார்ப் பகுதியில் பொன் உண்டென்று பழைய குறிப்பொன்றைப் படித்து, 1871இல் மாட்டு வண்டியில் புறப்பட்டார். 1873இல் சுரங்க உரிமை கோரி மைசூர் அரசுக்கு விண்ணப்பித்தார்.

லாவெல் பொன்னைக் கண்டுபிடித்தார் என்று சொல்வது பொருந்தாது. திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் 1802இலேயே ஊரிகம், மாரிக்குப்பம் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். லாவெல் படித்த குறிப்பின் மூலம் அதுவே. ஊர் மக்கள் அறிந்த பொன்னை, உரிமைப் பத்திரம் எழுதத் தெரிந்தவர் தமதாக்கிக் கொண்டார். 1880 முதல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் கால் ஊன்றியது. முதலீடு கரைந்து, பங்குதாரர் மனம் தளர்ந்த நேரத்தில், பழங்காலக் குழிகளின் தடத்தைப் பின்பற்றித் தோண்டியபோதே செழிப்பான சாம்பியன் தங்கக்கொடி அகப்பட்டது. 1894இல் ரயில் கிளைப்பாதையும் வந்தது. வடஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கினர்.

2. அடிமை ஒழிப்பு

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. அதன் முடிவில், அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தத்தால் அடிமை முறை ஒழிந்தது. ஒரு மனிதன் மற்றொரு மனிதனின் சொத்தாக இருக்கலாகாது என்று சட்டம் உரைத்த நாள் அது.

இச்செய்தி இந்தியாவில் யாருடைய செவியில் விழுந்தது என்று பாருங்கள். 1873இல் மகாத்மா ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' என்ற நூலை வெளியிட்டார். அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார். லாவெல் பொன் தேடி விண்ணப்பித்த அதே ஆண்டில், மற்றொரு மனிதர் அமெரிக்காவிலிருந்து பொன்னினும் உயர்ந்த ஒன்றைத் தம் மக்களுக்காகத் தேடிக்கொண்டார்.

தமிழகத்துக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. உள்நாட்டுப் போரில் வடபடையில் பணியாற்றியவர் கர்னல் ஆல்காட். ஆபிரகாம் லிங்கன் கொலையை ஆராய்ந்தவர்களுள் ஒருவர். பின்னர் சென்னை அடையாற்றில் தங்கிய அவர், 1894 முதல் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நிறுவினார். 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் இலங்கை சென்று பௌத்தம் தழுவத் துணை நின்றவரும் அவரே. அயோத்திதாசர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. 1907இல் அவர் தொடங்கிய இதழ் 'தமிழன்' என்னும் பெயரில் வளர்ந்து, 1914இல் அவர் மறைந்த பின் நின்று போயிற்று. ஜி. அப்பாதுரையார் 1926இல் தங்கவயலிலிருந்து அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். பகலெல்லாம் பாறை உடைத்த மக்கள் மாலையில் பத்திரிகை படித்தார்கள். தமிழக ஊர்களில் பண்ணையாளாகக் கட்டுண்டு கிடந்தவரின் பிள்ளைகள், இங்கே அச்சில் ஏறிய தம் பெயரைக் கண்டார்கள்.

ஆயினும் விடுதலை முழுமை பெறவில்லை. அமெரிக்காவில் சங்கிலி அறுந்தும் நிலம் கிடைக்கவில்லை; வாக்கும் கல்வியும் மறுக்கப்பட்டன. குடியுரிமைச் சட்டம் வருவதற்கு 1964 வரை காத்திருக்க நேர்ந்தது. தங்கவயலிலும் பண்ணையாரின் பிடி தளர்ந்த இடத்தில் கம்பெனியின் காவல் வந்தது. இந்த ஒற்றுமையை அண்ணல் அம்பேத்கர் நன்கறிந்திருந்தார். கறுப்பின மக்களின் அறிஞர் டூபாய்சுக்கு 1946இல் அவரே கடிதம் எழுதி, அம்மக்கள் ஐ.நா. மன்றத்துக்கு அளித்த முறையீட்டின் படிகளைக் கேட்டார்.

3. நயாகராவிலிருந்து சிவசமுத்திரம்

1896 நவம்பரில் நயாகரா நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் 26 மைல் தொலைவிலுள்ள பஃபலோ நகருக்குச் சென்றது. திசை மாறும் மின்னோட்டத்தால் ஆற்றலைத் தொலைவுக்கு அனுப்பலாம் என்பது உறுதியாயிற்று. அதுவரை தொழிற்சாலை, நிலக்கரியோ ஆறோ உள்ள இடத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இனி ஆற்றல் தொழிற்சாலையைத் தேடி வரும். அமெரிக்காவின் பெருந்தொழில் வளர்ச்சிக்கு இதுவே அச்சாணி.

இதன் பின்னே உள்ள பௌதிகம் எளியது. கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே ஆற்றலை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு ஓட்டம் போதும். இழப்போ நூறில் ஒரு பங்காகக் குறையும். அழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் மின்மாற்றி வேண்டும். மின்மாற்றி திசை மாறும் ஓட்டத்தில்தான் இயங்கும்.

நயாகராவில் நிகழ்ந்தது ஆறே ஆண்டுகளில் காவிரியில் நிகழ்ந்தது. மைசூர்த் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிட்டு, லொட்பினியேர் என்ற பொறியியல் அதிகாரியின் முயற்சியால் சிவசமுத்திரத்தில் மின் நிலையம் எழுந்தது. மின் எந்திரங்களை அனுப்பியது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி. 1902 சூன் 30ஆம் நாள் 92 மைல் நீளக் கம்பிகளின் வழியே மின்சாரம் தங்கவயலை அடைந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அது ஒன்று. பெங்களூர் நகரத்துக்கே 1905இல்தான் மின்விளக்கு வந்தது என்பதை நினைத்தால் வியப்புத் தோன்றும்.

ஆனால் அந்த மின்சாரம் முதலில் யாருக்காக வந்தது? சுரங்கத்தின் எந்திரங்களுக்காக வந்தது. நீராவி எந்திரத்துக்கு எரிபொருள் வாங்கும் செலவைக் குறைப்பதற்காக வந்தது. தொழிலாளி அந்த ஆற்றலால் மேலும் ஆழத்துக்கு இறக்கப்பட்டார். ஆழம் மிகுந்த அளவு வெப்பமும் மிகுந்தது. அழுத்தம் தாங்காத பாறை திடீரென வெடித்துச் சிதறும் இடரும் மிகுந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் இறுதியில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அந்தப் பெருமையைக் கூறும்போதெல்லாம், அங்கே வேர்வையோடு நின்றவர்களையும் நாம் நினைத்தல் வேண்டும்.

4. பெருமந்தமும் பொன் விலையும்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. வங்கிகள் மூடின; கோடிக்கணக்கானோர் வேலை இழந்தனர். 1933இல் பதவியேற்ற ரூசுவெல்ட், ஏப்ரல் 5ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தார். குடிமக்கள் தம்மிடமுள்ள பொன் நாணயங்களையும் கட்டிகளையும் ஒப்படைத்து, அவுன்சுக்கு 20.67 டாலர் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். 1934 சனவரி இறுதியில் அதே பொன்னின் விலை 35 டாலர் என அறிவித்தார். ஒரு கையெழுத்தில் விலை ஏறத்தாழ 69 விழுக்காடு ஏறிவிட்டது.

இங்கிலாந்து அதற்கு முன்பே, 1931 செப்டம்பரில், பொன் நாணய முறையைக் கைவிட்டிருந்தது. லண்டனில் 85 ஷில்லிங்காக இருந்த ஓர் அவுன்சுப் பொன், 1934 இறுதியில் 140 ஷில்லிங் அளவுக்கு உயர்ந்தது.

இதனால் சுரங்கத்துக்கு என்ன ஆகும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். பழைய விலையில் ஒரு டன் பாறையில் 10 கிராம் பொன் இருந்தால்தான் தோண்டும் செலவுக்குக் கட்டும் என்று வைத்துக்கொள்வோம். விலை 69 விழுக்காடு ஏறினால், 6 கிராம் இருந்தாலே போதும். நேற்று வெறுங்கல் என ஒதுக்கிய பாறை இன்று தாதுவாகிவிடுகிறது. பாறையில் அணு அளவும் மாற்றமில்லை. மாறியது வாஷிங்டனில் எழுதிய ஓர் எண். உலகமே மந்தத்தில் வாடியபோது தங்கச் சுரங்கங்கள் மட்டும் தழைத்ததன் இரகசியம் இதுதான்.

அதே வேளையில் நம் சிற்றூர்களில் நடந்தது வேறு. நெல்லும் கடலையும் விலை வீழ்ந்தன. வரியும் கடனும் வீழவில்லை. குடியானவர் வீட்டுப் பெண்கள் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தனர். 1931 முதல் இந்தியாவிலிருந்து பொன் பெருவாரியாகக் கப்பலேறியது. ஆக, ஒரே காலத்தில் இரண்டு வகைப் பொன் கடல் கடந்தது. ஒன்று நம் ஆண்கள் பாறையிலிருந்து எடுத்தது. மற்றொன்று நம் பெண்கள் உடலிலிருந்து கழற்றியது.

இனி, தங்கவயல் மக்கள் தாமே தண்டவாளத்தை நகர்த்திய இரு நேரங்களைச் சொல்லவேண்டும். 1930 ஏப்ரலில் கம்பெனிகள் தொழிலாளரின் கைரேகையைக் கட்டாயமாகப் பதிவு செய்ய முற்பட்டன. குற்றவாளிக்குச் செய்வதை உழைப்பாளிக்குச் செய்வதா என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். அவர்களுக்கு அப்போது சட்டம் ஏற்ற சங்கம் ஒன்றுமில்லை. ஆயினும் மூன்று வாரம் உறுதியாக நின்றனர். அமெரிக்காவில் தொழிலாளர் சங்கம் கூடிப் பேரம் பேசும் உரிமையை உறுதிசெய்த வாக்னர் சட்டம் 1935இல் வந்தது. மைசூரில் சங்கங்களுக்குச் சட்டத்தின் ஏற்பு 1940களின் தொடக்கத்தில் வந்தது. அதன்பின் எழுந்த போராட்டத்தில், 1946 நவம்பர் 4ஆம் நாள் நடந்த போலீசுத் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் உயிர் நீத்தனர். அமெரிக்க மே தினத் தியாகிகளைப் பாடமாகப் படிக்கும் நாம், இந்த ஆறு பேரையும் பாடமாக வைத்துப் படிக்க வேண்டாமா?

5. முப்பத்தைந்து டாலர்

1944 சூலையில், போர் முடியும் முன்னரே, 44 நாடுகளின் பேராளர்கள் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்சில் கூடினர். உலக நாணயங்கள் டாலரோடு பிணைக்கப்பட்டன; டாலர், அவுன்சுக்கு 35 என்ற கணக்கில் பொன்னோடு பிணைக்கப்பட்டது. அமெரிக்கா உலகப் பொருளாதாரத்தின் நடுவில் அமர்ந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

பொன்னின் விலை நிலையாக நின்றது. மற்றவற்றின் விலை நிற்கவில்லை. அமெரிக்காவிலேயே 1934 முதல் 1970 வரை பொது விலைவாசி ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. பொன் மட்டும் 35 டாலரிலேயே கட்டுண்டிருந்தது. உலகின் தங்கச் சுரங்கங்கள் யாவும் இந்த இடுக்கியில் சிக்கின.

இந்த நேரத்தில்தான் தங்கவயல் மக்களின் கைக்கு வந்தது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மைய அரசுக்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. வெள்ளைக் கம்பெனி கொழுத்த தாதுவையெல்லாம் எடுத்துக்கொண்டு, ஆழமான குழிகளையும் மெலிந்த பாறையையும் நம்மிடம் விட்டுச் சென்றது. தொடக்கத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கும் மேல் கிடைத்த பொன், இறுதிக் காலத்தில் 5 கிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது. போதாததற்கு, எடுத்த பொன்னை அரசு உலக விலைக் கணக்கில் ஏற்றுக்கொண்டது. உள்நாட்டுச் சந்தை விலையோ அதைவிடக் கூடுதலாக இருந்தது. ஆகவே கணக்குப் புத்தகத்தில் நட்டம் எழுதப்பட்டது. படித்தவர்கள் அந்த நட்டத்தைப் பார்த்து, தொழிலாளி சோம்பேறி என்றனர். 35 டாலரை யாரும் பார்க்கவில்லை.

1971 ஆகஸ்டு 15ஆம் நாள் நிக்சன் டாலருக்கும் பொன்னுக்கும் இருந்த கட்டை அறுத்தார். அன்று இந்தியாவின் விடுதலை நாள் என்பது ஒரு தற்செயல் நிகழ்ச்சியே. அன்றுமுதல் பொன்னும் விடுதலை பெற்றது. 1980 சனவரியில் அவுன்சு 850 டாலர் வரை ஏறியது. பின்னர் இறங்கத் தொடங்கி, 1999இல் 250 டாலரை நெருங்கி, 2001 வரை பெரும்பாலும் 300 டாலருக்குக் கீழேயே கிடந்தது. 1991இல் அன்னியச் செலாவணி நெருக்கடியின்போது இந்தியா 47 டன் பொன்னை இங்கிலாந்து வங்கியில் அடகு வைத்துக் கடன் பெற்றதை நாம் அறிவோம். பொன்னால் ஒருமுறை மானம் காத்த நாடு, பத்தாண்டுக்குள் தன் பழைய தங்கச் சுரங்கத்தை மூடியது. 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு தங்கவயல் சுரங்கங்கள் ஓய்ந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலை இழந்தனர்.

காலத்தைக் கவனியுங்கள். இருபது ஆண்டுகளில் விலை மிகத் தாழ்ந்திருந்த நேரத்தில் சுரங்கம் மூடப்பட்டது. 2025இல் ஓர் அவுன்சு 3,000 டாலரைத் தாண்டியது. சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, விலையும் ஏறிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு தலைமுறை விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குச் சென்று இரவில் திரும்பப் பழகிவிட்டது.

6. இரு சுரங்கங்கள்

இறுதியாக, என் பாடத்துக்கு நெருங்கிய ஒன்றைச் சொல்கிறேன்.

விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வாயு மண்டலத்தில் மோதும்போது பல துகள்கள் பிறக்கின்றன. அவற்றுள் நியூட்ரினோ என்பது எதிலும் சிக்காமல் உலக உருண்டையையே ஊடுருவிச் செல்லக்கூடியது. அதைக் காண வேண்டுமானால் மற்றத் துகள்கள் வந்து குழப்பாத இடம் வேண்டும். மிக ஆழத்தில் பாறையே மற்றவற்றை வடிகட்டிவிடும். ஆகவே ஆழமான சுரங்கம் பௌதிக அறிஞருக்கு ஓர் ஆய்வுக்கூடம்.

1951இலேயே, ஹோமி பாபாவின் தூண்டுதலால், டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீகண்டன் கருவிகளோடு தங்கவயலில் இறங்கினார். 1965இல் டாட்டா நிலையம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் ஆகியவற்றின் கூட்டுக் குழு சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வாயு மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டது. அதே ஆண்டில் அமெரிக்க அறிஞர் ரைன்சின் குழுவும் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் அதைக் கண்டது. நம் குழுவின் கட்டுரை ஆகஸ்டு 15 தேதியிட்ட இதழில் வந்தது. அவர்களுடையது அம்மாத இறுதியில் வந்தது. இரு குழுக்களும் ஒரே காலத்தில் வென்றன எனலாம். பின்னர் 1980 முதல் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கும் பெருஞ்சோதனையும் தங்கவயலில் நடந்தது. 1992இல் அந்த ஆய்வுக்கூடமும் மூடப்பட்டது.

இப்போது அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டா மாநிலத்து ஹோம்ஸ்டேக் சுரங்கத்தைப் பாருங்கள். அதுவும் 1870களில் தொடங்கிய தங்கச் சுரங்கம். அதுவும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆழமானது. அங்கே 1960களில் ரேமண்ட் டேவிஸ், துணி வெளுக்கப் பயன்படும் திரவத்தை ஒரு லட்சம் காலன் தொட்டியில் நிரப்பி, கதிரவனின் நியூட்ரினோக்களைப் பிடித்தார். 2002இல் நோபல் பரிசு பெற்றார். தங்கவயல் மூடிய அதே 2001இன் இறுதியில், அதே குறைந்த விலையால், ஹோம்ஸ்டேக்கிலும் பொன் எடுப்பது நின்றது. இதுவரை இரண்டு கதைகளும் ஒன்றே.

பின்னர் பாதை பிரிந்தது. அவர்களுடைய சுரங்கத்திலும் தண்ணீர் ஏறத்தான் செய்தது. ஆனால் 2006இல் அச்சுரங்கம் அறிவியலுக்கென மாநிலத்துக்குக் கொடையாக வழங்கப்பட்டது. சான்ஃபோர்டு என்ற செல்வர் 7 கோடி டாலர் ஈந்தார். தண்ணீரை இறைத்தார்கள். இன்று அது நிலத்தடி ஆய்வுக்கூடமாக விளங்குகிறது. 1,300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெர்மி ஆய்வகத்திலிருந்து நியூட்ரினோக்களை அனுப்பி ஆராய, 2024இல் அங்கே பெருங்குகைகளைக் குடைந்து முடித்தார்கள். மூடிய சுரங்கம் வேலை தரும் இடமாயிற்று.

தங்கவயலில் எஞ்சியிருப்பது என்ன? 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேலான பொன்னைத் தந்த மண்ணில், மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட சயனைடு மண் மேடுகளாக நிற்கிறது. காற்றடித்தால் அதன் தூசி வீடுகளுக்குள் வருகிறது. 2024 சூனில் கர்நாடக அமைச்சரவை அந்த மேடுகள் பதின்மூன்றிலிருந்து மீண்டும் பொன் பிரிக்கும் திட்டத்துக்கு இசைவளித்தது. பொன் விலை ஏறியதால் வெறும் மண் மறுபடியும் தாதுவாகிவிட்டது. 1934இன் கணக்கு 90 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது.

நம் கடமை

தோழர்களே! நாம் பார்த்த ஆறு திருப்பங்களில் நான்கை நகர்த்தியவர்கள் லண்டனிலும் வாஷிங்டனிலும் மைசூரிலும் டில்லியிலும் இருந்தார்கள். நம் மக்கள் வண்டியில் இருந்தார்கள். எழுத்தறிவு பெற்றபோது பத்திரிகை நடத்தினார்கள். ஒன்றுகூடியபோது வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த இரண்டு இடங்களில்தான் அவர்களுடைய கை தண்டவாளத்தின் மேல் இருந்தது.

ஆறாவது திருப்பத்தில் நேர்ந்ததைத் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். சுரங்கம் மூடும்போது, அதை ஆய்வுக்கூடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஓங்கிச் சொல்லத் தங்கவயலில் போதிய பௌதிக மாணவர் இல்லை. விலை தாழ்ந்திருக்கிறது, மீண்டும் ஏறும், பொறுத்திருங்கள் என்று எண்ணோடு எடுத்துரைக்கப் போதிய பொருளாதார மாணவர் இல்லை. கூலி வீட்டுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்ப நூறாண்டு ஆகியிருந்தது. இன்று நாம் அனுப்பப்பட்டிருக்கிறோம்.

சயனைடு மேடுகளைக் கரைக்கும் திட்டம் நம் ஊருக்கு வரவிருக்கும் அடுத்த திருப்பம். தூசியையும் நீரையும் யார் அளப்பார்? வேலை யாருக்குக் கிடைக்கும்? வருவாயில் ஊருக்குப் பங்கு எவ்வளவு? இவை வேதியியல், மருத்துவம், சட்டம், வணிகம் பயிலும் நம் சங்கத்துத் தோழர்கள் விடை தேடக்கூடிய கேள்விகள். தங்கவயலில் பிறந்தவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலையும் அன்று இது. அடுத்த விடுமுறையில் நான்கைந்து பேராகச் சேர்ந்து சென்று, மேடுகளைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீரை எடுத்து ஆராய்வதிலிருந்து தொடங்கலாம். அளவுகளைக் குறித்து இவ்விதழின் அடுத்த மலரில் வெளியிடலாம். அமைச்சரவையின் முன் வைக்கத்தக்க எண்கள் சில நம் கையில் இருக்கும்.

வண்டி மீண்டும் பங்காருப்பேட்டையை நெருங்குகிறது. இந்த முறை நாம் விழித்திருப்போம்.